பல் முரசில் கசியும் இரத்தத்தை முதலில் பாருங்கள்

தம்பியின் இரத்தப் புற்றுநோய் அறிக்கைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவர் பல் தீட்டும்போது முரசில் இரத்தம் கசிகிறது என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அக்கா. எனக்கு அந்த வரிதான் முக்கியம். புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு அடுத்த கிழமை வவுனியா கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கையிலுள்ள அறிக்கைகளைக் காட்டி, இரத்தம் கசிவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலும் இதே அவசரம்தான். உடம்பு வலிக்கு நீங்களாகக் கொடுக்கும் டிஸ்பிரினை நிறுத்துங்கள்; அது கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறும் வேண்டாம், இது டெங்கு இல்லை.

இந்தப் புற்றுநோயில் லிம்ஃபொயிட், மயிலொயிட் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. முதல் அறிக்கை லிம்ஃபொயிட் என்று சந்தேகப்பட்டது, இரண்டாவது மயிலொயிட் என்கிறது. சோதனைக்கு எடுத்த இரத்தம் ஆள் மாறிவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். அப்படி நினைக்கத் தேவையில்லை. முளையில் நெல்லையும் கோழிச்சூடன் களையையும் பிரித்தறிய உங்கள் ஊர் கமக்காரரே தடுமாறுவார். இந்த நோயில் பெருகும் முதிராத வெண்குழியங்களும் அப்படித்தான். நுணுக்குக்காட்டியில் இரண்டு வகையும் ஒன்றுபோலத் தெரியலாம். கலத்துக்குள் ஊசிபோன்ற ஔவர் கோல் கண்ணில் பட்டால் மயிலொயிட் பக்கம் என்று சொல்லலாம். எல்லோருக்கும் அது இராது. மயிலோபெரொக்சிடேஸ் என்ற நொதியைக் காட்டும் சாயம் ஏறினாலும் மயிலொயிட்தான். ஏறாவிட்டால் மட்டும் லிம்ஃபொயிட் என்று தீர்த்துவிட முடியாது.

அதனால்தான் ஃப்ளோ சைட்டோமெட்ரி. கலத்தின் மேலுள்ள குறித்த புரதங்களில் ஒட்டக்கூடிய ஒளிரும் பிறபொருளெதிரிகளைக் கலங்களோடு கலந்து, லேசர் ஒளியின் முன்னால் ஒவ்வொன்றாக ஓட விடுவார்கள். எது கலத்தின் மேல் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து இனம் பிரிப்பார்கள். சிடி19 என்ற புரதம் பி வகை லிம்ஃபொயிட்டைக் காட்டும், சிடி13, சிடி33 மயிலொயிட்டை. ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள், பலதைச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஆகவே இரண்டாவது அறிக்கை முதலாவதைத் திருத்தியது பிழையல்ல, அதற்காகத்தான் அந்தச் சோதனையே.

இரத்தக் கசிவுக்கு நான் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன்? மயிலொயிட்டில் புரோமயிலோசைட்டிக் என்றொரு வகை உண்டு. அது இரத்தம் உறையும் ஒழுங்கையே குலைத்து மூளைக்குள்ளும் கசிய வைக்கும். ஆனால் விற்றமின் ஏயிலிருந்து வந்த ஒரு மாத்திரை அதற்கு நன்றாக வேலை செய்யும். சந்தேகம் வந்தாலே, மரபணு முடிவு வருமுன்னரே தொடங்குவோம். தம்பிக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று பார்த்துத் தீர்க்கும்வரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்றால், தொற்றாது. தடிமன் உள்ளவர்கள்தான் தம்பிக்குக் கிட்டப் போகக்கூடாது. யூடியூப்பில் பார்த்த மற்ற ஏழு கேள்விகளையும் அவர் வார்டில் படுத்த பிறகு கேளுங்கள்.