ஆலிவ் பறிக்கும் கை இயந்திரத்தின் அதிர்வை எப்படி அளப்பது? மேனுவலில் உள்ள எண் போதாதா?

போதாது. மேனுவலில் இருப்பது தயாரிப்பாளர் செய்த ஒரு வரையறுத்த சோதனையில் இயந்திரம் காட்டிய அதிர்வு. உங்களுக்கு வேண்டியது ஒரு நாளில் தொழிலாளியின் கைக்குள் போகும் அதிர்வு. இயந்திரத்தின் நீண்ட கம்பை (அதன் நுனியில் உள்ள தலையின் குச்சிகள்தான் கிளையை அடித்துப் பழத்தை உதிர்க்கும்) எவ்வளவு நீட்டினார், எங்கே பிடித்தார், எவ்வளவு நேரம் ட்ரிகரை அழுத்தினார் என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. இரண்டு இயந்திரங்களில் எதை வாங்கலாம் என்று ஒப்பிட அது உதவும், அவ்வளவுதான்.

அளக்கும் முறை ஐஎஸ்ஓ 5349 என்ற சர்வதேசத் தரத்தின் இரண்டு பாகங்களிலும் இருக்கிறது. அதிர்வு மீட்டர் ஐஎஸ்ஓ 8041 தரத்துக்குப் பொருந்த வேண்டும். மூன்று அச்சு சென்சார் இரண்டு இருந்தால் நல்லது, ஏனென்றால் இரண்டு கையையும் அளக்க வேண்டும். இந்த வகை இயந்திரத்தில் முன்னால் பிடிக்கும் கை குலுக்கும் தலைக்குப் பக்கத்தில் இருக்கும், பின்னால் பிடிக்கும் கை ட்ரிகரில் இருக்கும். இரண்டும் ஒரே எண்ணைத் தராது. பெரிய எண் எந்தக் கையில் வருகிறதோ அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்சாரைப் பொருத்துவதில்தான் பாதி வேலை கெடுகிறது. நீண்ட கம்பு வளைந்து வளைந்து அதிரும். சில இடத்தில் ஆட்டம் அதிகம், சில இடத்தில் கிட்டத்தட்ட அசைவே இருக்காது. சென்சாரை ஒரு சாண் தள்ளிக் கட்டினாலே எண் மாறிவிடும். அதனால் முதலில் தொழிலாளியைச் சிறிது நேரம் வேலை செய்யவிட்டு, அவர் கை இயல்பாக நிற்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். சென்சாரை அந்தக் கையை ஒட்டியே வைத்து ஹோஸ் கிளாம்பால் இறுக்குங்கள். கம்பின் மேல் மெத்தென்ற ரப்பர் உறை இருந்தால், அதன் மேல் லேசாகக் கட்டிய சென்சார் தனியாக ஆடும். அளப்பது அந்த ஆட்டத்தைத்தான். உறை நன்றாக அமுங்கும் வரை இறுக்குங்கள், அல்லது கைக்கும் கம்புக்கும் நடுவில் பிடிக்கும் தட்டையான அடாப்டரைப் பயன்படுத்துங்கள். கேபிளைக் கம்போடு சேர்த்து டேப் போடாவிட்டால் அதன் உதறலும் சிக்னலில் கலந்துவிடும். சென்சாரும் கிளாம்பும் சேர்ந்து சில பத்து கிராமைத் தாண்டாமல் இருக்கட்டும். மொபைலைக் கம்பில் கட்டி ஆப்பில் அளக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், மொபைலின் எடையே கம்பின் அதிர்வை மாற்றிவிடும்.

தோட்டத்துக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் சென்சாரைக் காலிபரேட்டரில் (தெரிந்த அளவு அதிர்வைத் தரும் கருவி) வைத்துச் சரிபாருங்கள்.

பதிவு எடுக்கும்போது ஒவ்வொரு வேலை நிலைக்கும் குறைந்தது மூன்று பதிவு, மொத்தம் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் எடுங்கள். 8 வினாடிக்குக் குறைந்த பதிவை நம்ப முடியாது. வேலை நிலை இரண்டு: குச்சிகள் கிளைக்குள் அடிக்கும் நேரம், கிளையிலிருந்து எடுத்து அடுத்த கிளைக்குப் போகும்போது காற்றில் சும்மா ஓடும் நேரம். இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேரை வைத்து எடுங்கள், ஆளுக்கு ஆள் பிடி மாறும்.

தலை நிமிடத்துக்கு 1,100 தடவை அடித்தால் அது சுமார் 18 ஹெர்ட்ஸ். கைக்கான எடையிடலில் (எந்த வேக அதிர்வை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்ற விதி) அதிக மதிப்பு 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரைதான், அதற்கு மேல் மளமளவென்று குறையும். ஆக இந்த இயந்திரத்தின் முக்கிய அடி ஏறக்குறைய முழு மதிப்போடு கணக்கில் ஏறுகிறது. அதிர்வெண் பட்டைவாரியாக மீட்டர் காட்டும் வரைபடத்தையும் ஒரு தடவை பாருங்கள். 18 ஹெர்ட்ஸ் விழும் பட்டையில் ஒரு முகடு இருக்க வேண்டும். அதைவிட 6.3, 8 ஹெர்ட்ஸ் பட்டைகள் உயர்ந்திருந்தால், பெரும்பாலும் அடியின் அதிர்ச்சியில் பீசோ சென்சார் (அழுத்தத்தில் மின்சாரம் தரும் படிக வகை) திணறிக் காட்டும் பொய் எண் அது. அந்தப் பதிவைத் தூக்கிப் போடுங்கள். சென்சாருக்கு அடியில் அதிர்ச்சியைத் தணிக்கும் மெக்கானிக்கல் ஃபில்டர் போட்டோ, மெம்ஸ் எனும் சிப் வகை சென்சார் வைத்தோ திரும்ப எடுங்கள்.

கணக்கு சுலபம். மூன்று அச்சில் 4, 7, 4 மீ/வி² வந்தால் வர்க்கங்களைக் கூட்டி (16 + 49 + 16 = 81) வர்க்கமூலம் எடுங்கள்: 9. மூன்றையும் இப்படிச் சேர்ப்பதால் சென்சார் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் மொத்தம் கெடாது.

அடுத்து நேரம். பலர் தொழிலாளியிடம் "எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அவர் சொல்வது தோட்டத்தில் இருந்த நேரம். வலை இழுப்பது, பழம் அள்ளுவது எல்லாம் அதில் அடக்கம். வீடியோ எடுத்து, ட்ரிகர் அழுத்திய நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.

உதாரணமாக, கிளைக்குள் 9 மீ/வி² வீதம் 3 மணி நேரம், காற்றில் 14 மீ/வி² வீதம் 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 81 × 3 = 243, 196 × 0.75 = 147. கூட்டி 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏ(8), அதாவது 8 மணி நேர நாளுக்குச் சமமான அதிர்வு, கிட்டத்தட்ட 7.0 மீ/வி². ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/44 உத்தரவுப்படி நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 2.5, தாண்டவே கூடாத வரம்பு 5. ஐந்தில் ஒரு பங்கு நேரமே காற்றில் ஓடியது, ஆனால் மொத்தச் சுமையில் 38 சதவீதம் அதிலிருந்து வருகிறது. ட்ரிகரை விட்டுவிட்டு நகரப் பழகி அந்த நேரத்தை 15 நிமிடமாகக் குறைத்தால் 6.0-க்கு இறங்கும். அப்போதும் வரம்புக்கு மேல்தான். இரண்டு பேர் சரிபாதியாக மாற்றி மாற்றி ஓட்டினால் ஆளுக்கு 4.3 ஆகும், அதுவும் 2.5-க்கு மேல் என்பதால் நடவடிக்கை எடுக்கும் கடமை அப்படியே இருக்கும்.

அதிர்வால் எத்தனை வருடத்தில் விரல் வெளுக்கும் நோய் வரும் என்று சொல்லும் சூத்திரம் ஒன்று ஐஎஸ்ஓ 5349-1-இன் பிற்சேர்க்கையில் உண்டு. அது தினமும் தொடர்ந்து அதிரும் வேலைக்கானது. சில வாரங்களே நடக்கும் ஆலிவ் அறுவடைக்கு அதைப் போட்டு வருடக்கணக்கு சொல்லாதீர்கள்.