வீட்டுக்கு வந்த பிறகும் வேலை தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, எப்படி நிறுத்துவது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்மென்ட் பிரிவில் ஆறு வருஷம் இருந்தவன் நான். பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் பத்து மெசேஜ் வந்துவிடும், வேலூரில் உடம்பு மட்டும்தான் இறங்கும்.

எனக்கு உதவியது ஒரு துண்டுச் சீட்டு. கிளம்பும் முன் பாக்கி வேலையை, காலையில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது வரை எழுதி மேஜையிலேயே வைத்துவிடுவேன். மறந்துவிடுவோமோ என்ற பயம்தான் மனசைப் பிராண்டுகிறது, எழுதினால் பாதி அடங்கும். அப்புறம் நேராக வீட்டுக்குப் போகாமல் கோட்டைப் பக்கம் இருபது நிமிஷம் நடை. மேனேஜரிடமும் சொன்னேன், "எட்டு மணிக்கு மேல் மெசேஜ் பார்க்க மாட்டேன் சார், அவசரம்னா போன் பண்ணுங்க." முறைத்தார். ஆனால் போன் வந்தது மாதத்துக்கு இரண்டு தடவைதான்.

யோகா பண்ணச் சொல்வார்கள், சரி, பண்ணுங்கள், ஆனால் மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் யோகா என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனமே 2019-ல் பர்ன்அவுட்டை, அதாவது தீராத வேலை அழுத்தத்தில் ஆள் சோர்ந்துபோவதை, நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது.

தூக்கம், சாப்பாடு இரண்டும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.