வாசகர் கேள்வி: ஐஸ் ஹாக்கியில் எந்த இடி குற்றம்?

கேள்வி: என்.ஹெச்.எல்.லில் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) இடித்துத் தள்ளுவதும் ஆட்டத்தில் சேர்த்திதானே? சில இடிகளுக்கு மட்டும் ஏன் தடை? (வாசகர், மதுரை)

பதில்: பக்கை (ஆட்டத்தில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) வைத்திருப்பவரைத் தோளாலோ இடுப்பாலோ உடம்பில் இடிக்கலாம். அடி முக்கியமாகத் தலையில் விழுந்து, அதைத் தவிர்த்திருக்கவும் முடியும் என்றால் 48-ஆம் விதிப்படி குற்றம். வீடியோவை ஓட்டிப் பார்ப்பவர்கள் சிலவற்றைக் கவனிப்பார்கள். நெஞ்சுக்கு நேராக வந்தாரா? இடிக்கும்போது தேவையில்லாமல் மேலே எழும்பினாரா? இடிபட்டவரே கடைசி நொடியில் தலையைத் தாழ்த்திவிட்டாரா?

2010 மார்ச் 7-இல் பாஸ்டன் அணியின் மார்க் சவார்ட் பக்கை அடித்துவிட்டு கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்க் அணியின் மேட் குக் பக்கவாட்டில் வந்து தலையில் இடித்தார். சவார்டை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். குக் மீது பெனால்டியும் இல்லை, தடையும் இல்லை; அன்றைய விதியில் அதற்கு இடமே இல்லை. அந்த மாதமே புது விதி வந்தது. முதலில் பக்கவாட்டு இடிக்கும், கண்ணில் படாத பக்கத்து இடிக்கும் மட்டும்தான். 2011-இல் எல்லாத் திசைக்கும் விரித்தார்கள். மீண்டும் ஆட வந்த சவார்ட், 2011 ஜனவரியில் இன்னோர் இடி வாங்கினார். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. இந்த விதி பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் பாடி செக் (உடம்பால் இடிப்பது) அனுமதிக்கும் பிரிவுக்குப் போகிறான். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதுவதை நினைத்தால்தான் பயம். (வாசகி, ஸ்கார்பரோ)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சுவரை ஒட்டி நிற்பதைவிட, மூன்று நான்கு அடி தள்ளி நிற்பதுதான் ஆபத்து. பின்னாலிருந்து தள்ளினால் சமாளிக்க இடமில்லாமல் தலை முதலில் போய் முட்டும். பயத்தில் பிள்ளைகள் குனிந்துவிடுவார்கள். எலும்பு முறிவது அந்த நேரத்தில்தான். நிமிர்ந்த கழுத்துக்கு இயல்பான வளைவு உண்டு, அது அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். குனிந்தால் கழுத்தெலும்பு குச்சிபோல நேராகிவிடும், முழு விசையும் அதன்மேல் இறங்கும்.

ஆகவே பக்கை எடுக்க நேராக ஓடாமல் சாய்வாகப் போகட்டும். போகும்போதே தோளுக்குமேல் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். இடி வருகிறது என்றால் முகத்தை நிமிர்த்தி, கை, தோள், இடுப்பு என்று உடம்பின் பக்கவாட்டைச் சுவரோடு சேர்க்க வேண்டும். முதலில் நடை வேகத்தில் பழக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கழுத்துக் காப்பு அவசியமா?

பதில்: அவசியம். 2023 அக்டோபர் 28-இல் இங்கிலாந்தில் நடந்த ஆட்டத்தில் ஸ்கேட் பிளேடு கழுத்தை வெட்டி ஆடம் ஜான்சன் என்ற வீரர் இறந்தார். வெட்டுத் தாங்கும் துணியால் ஆனதையே வாங்குங்கள். அது வெட்டைத் தடுக்கும், கழுத்தெலும்பைக் காக்காது.

கேள்வி: ஹெல்மெட் போட்டும் மூளை அதிர்ச்சி ஏன்?

பதில்: ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே மூளை சுழன்று குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல், வெளிச்சம் கூசுதல், மந்தமான பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று திரும்ப இறக்கக் கூடாது. முதல் ஓரிரு நாள் ஓய்வு. பிறகு லேசான நடை, தனியாக ஸ்கேட்டிங், இடி இல்லாத பயிற்சி என்று படிப்படியாக, படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி கூடினால் முந்திய படிக்கே திரும்ப வேண்டும். டாக்டர் சம்மதித்த பிறகே இடி உள்ள பயிற்சி. பிட்ஸ்பர்க் அணி வீரர் சிட்னி கிராஸ்பி 2011 ஜனவரி 1-இல் தலையில் அடிபட்டும் 5-ஆம் தேதி ஆடினார், அன்றும் இடிபட்டார். அடுத்த ஆட்டம் ஆட நவம்பர் 21 ஆனது.