எல் பாசோ கவுண்டி சிறைத் தேடலில் நண்பர் பெயர் வராதது பற்றி

உங்கள் நண்பரை அமெரிக்க எல்லைக் காவல் படை பிடித்திருந்தால், டெக்சாஸின் எல் பாசோ கவுண்டி (மாவட்டம் மாதிரி) சிறையை நடத்தும் ஷெரிஃபின் தளத்தில் பொதுவாகப் பெயர் வராது. ஐஸ் (ICE) எனும் குடியேற்ற அமலாக்கத் துறையின் இணையத் தடுப்புக்காவல் தேடலில் பாருங்கள். பிறந்த நாடு கட்டாயம். பெயர் எழுத்து பிசகாமல் பொருந்தவேண்டும். ஏ-எண் (குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்) கையில் இருந்தால் தொல்லையே இல்லை.

கவுண்டி சிறைதான் என்று உறுதியாகத் தெரிந்தால், கோளாறு பெயரில் இருக்கலாம். ‘கார்சியா லோபெஸ்’ மாதிரி இரட்டைக் குடும்பப்பெயரில் முதலாவதை நடுப்பெயராக ஏற்றிவிடுவார்கள். கார்சியா மட்டும், அப்புறம் லோபெஸ் மட்டும் அடித்துப் பாருங்கள்.

வழக்குக் கட்டு வேறு இடம். டெக்சாஸில் பொதுவாகப் பெருங்குற்றம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் (நீதிமன்றப் பதிவுகளை வைத்திருப்பவர்), சிறுகுற்றம் கவுண்டி கிளார்க்கிடம். சட்டவிரோதமாக எல்லை தாண்டிய வழக்கு என்றால் ஃபெடரல் நீதிமன்றம். அதன் ஆவணங்களைப் பேசர் (PACER) தளத்தில் பார்க்கலாம், பக்கத்துக்கு 10 சென்ட்.

ஒன்று, எல்லைப் படை பிடித்து 48 மணி நேரம் தாண்டும்வரை ஐஸ் தேடலிலும் பெயர் ஏறாமல் இருக்கலாம். அதற்குள் கைதானவர்களின் படத்தைப் போட்டுக் காசு கேட்கும் மக்‌ஷாட் தளங்கள் பக்கம் போய்விடாதீர்கள்.