டோஃபு சைவம்தான், மேலே ஊற்றும் சாஸ்?

கேள்வி: சான் ஹோசேயில் ஐ.டி. வேலை. சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வியட்நாம், ஆசிய ஃப்யூஷன் கடை வந்திருக்கிறது. நூடுல்ஸ், டோஃபு, சாஸ் என்று கவுன்டரில் கைகாட்டினால் ஐந்து நிமிடத்தில் கிண்ணத்தில் போட்டுத் தருகிறார்கள். டோஃபு கிண்ணமும் ‘வெஜிடபிள் ஃபோ’ என்ற நூடுல்ஸ் சூப்பும் நான்கு மாதமாக என் மதிய உணவு. “அதில் மீன் சாஸ் இருக்குமே” என்கிறார் உடன் வேலை செய்பவர். உண்மையா?
– ஒரு வாசகி

பதில்: பெரும்பாலும் உண்மைதான். டோஃபு கிண்ணத்தைக் கேட்டு வாங்கினால் சரிசெய்துகொள்ளலாம். ஃபோவை விட்டுவிடுங்கள்.

வியட்நாம் சமையலில் உப்பின் இடத்தில் இருப்பது நுவாக் மாம். நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் போட்டு, ஏறக்குறைய ஓராண்டு ஊறவிட்டு வடித்த சாறு அது. அதோடு எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய், தண்ணீர் கலந்தால் நுவாக் சாம். உங்கள் கிண்ணத்தின் மேல் ஊற்றுகிறார்களே, தண்ணீராக, இளம்பழுப்பு நிறத்தில், அது அநேகமாக இதுதான். எலுமிச்சையும் பூண்டும் முந்திக்கொள்வதால் மீன் வாடை தெரியாது. “இது சைவமா?” என்று கேட்டால் கவுன்டரில் நிற்கும் பையன் “ஆமாம்” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. சாம்பாரில் என்ன காய் என்று கேட்டால் நாம் பெருங்காயத்தையும் சேர்த்தா சொல்கிறோம்?

ஃபோ விஷயம் வேறு. மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சி, வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை போட்டு இறக்கும் சாறு அது. ‘வெஜிடபிள்’ என்பது பல கடைகளில் மேலே போடும் காய்கறிக்கு மட்டும்தான். ஒரே அண்டாச் சாறுதான் எல்லாக் கிண்ணத்துக்கும் போகிறது. ஃப்யூஷன் என்பதால் மற்ற நாட்டுச் சங்கதிகளும் உண்டு: கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் உப்பிட்ட இறால் அல்லது மீன் சாஸ், தாய்லாந்துக் கறி விழுதில் இறால், வதக்கிய நூடுல்ஸில் சிப்பி சாஸ். வியட்நாமின் சொந்த பான் மி சாண்ட்விச்சிலோ முட்டை மயோனைஸ்.

ஆகவே ‘சைவமா’ என்று கேட்காதீர்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சாஸில் மீன் சாஸ் இருக்கிறதா? டோஃபுவை எதில் ஊறவைத்தீர்கள்? கரண்டி கிண்ணத்துக்கு வருமுன் கேட்டுவிட வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து டெலிவரி செயலியில் வாங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. பச்சை இலைப் படம் போட்டிருந்தது என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டு, விவரம் தெரிந்ததும் அழுதவர்களிடம் பேசியிருக்கிறேன். அந்த இலையைப் போட்டவர் அந்தச் சமையலறைக்குள் போய்ப் பார்த்தார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெயரில் ‘டோஃபு’ இருந்தாலே இலை விழுந்துவிடலாம். ‘மீன் சாஸ் வேண்டாம்’ என்று குறிப்பு எழுதினால், மதிய நெரிசலில் பில் தாளின் அடியில் சின்ன எழுத்தில் வரும் அதை யார் படிப்பது? தவறு நடந்தால் செயலிக்காரர் கடையைக் காட்டுவார், கடைக்காரர் செயலியைக் காட்டுவார், பணத்தில் கொஞ்சம் திருப்பித் தருவார்கள். விரதம் திரும்பி வருமா? அலுவலகத்துக்கு மொத்தமாகச் சாப்பாடு எடுத்துத் தரும் இடைத்தரகர்கள் ஒட்டும் ‘வி’ சீட்டும் இதே ரகம்தான்.

சட்டம் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். இந்தியாவில் பிஸ்கட் பாக்கெட்டில்கூடப் பச்சைப் புள்ளி பார்த்துப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லுக்கு உணவு, மருந்து நிர்வாகம் சட்டப்படியான விளக்கமே வைத்திருக்கவில்லை. 2004-இன் ஒவ்வாமைச் சட்டம் மீனைச் சொல்லியாக வேண்டும் என்கிறது, ஆனால் பொட்டலமிட்ட உணவுக்குத்தான். கலிஃபோர்னியாவின் புதிய ஒவ்வாமைச் சட்டம் 20 கிளைகளுக்குக் குறையாத உணவகங்களுக்கு மட்டும். அந்த ஒவ்வாமைப் பட்டியலிலும் இறால் உண்டு, சிப்பி கிடையாது, மாட்டெலும்புச் சாறும் கிடையாது. கோடிக்கணக்கானோர் சைவம் உண்ணும் உலகத்தில் இந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுத இவர்களுக்கு இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

ஒரு நல்ல விலக்கு இருக்கிறது. வியட்நாமியரிடமே ‘சாய்’ என்ற சொல் உண்டு, நம் டீயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பௌத்தர்களின் சைவ உணவு அது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, பலர் சாய் மட்டுமே உண்பார்கள். மெனுவில் ‘ஃபோ சாய்’, ‘பூன் சாய்’ என்றிருந்தால் சாறு காய்கறி, காளானில் செய்தது, மீன் சாஸுக்குப் பதில் சோயா. முழுக்க சாய் உணவகங்களும் சான் ஹோசேயில் உண்டு. கண்டிப்பானவர்கள் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஆனால் உங்களைப் போல முட்டை தவிர்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: போலி இறைச்சித் துண்டுகள் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேரும். கடைக்காரர் வியட்நாமியராக இருந்தால் ‘வெஜிடேரியன்’ என்பதைவிட ‘சாய்’ என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்.

திங்கட்கிழமை போகும்போது வெள்ளை அரிசி நூடுல்ஸ், கீரை, புதினா, ஊறுகாயாக்கிய கேரட், முள்ளங்கி, வறுத்த வேர்க்கடலை கேளுங்கள். சாஸ் வேண்டாம், சோயா சாஸ் தனியாக. டோஃபுவை ஊறவைத்தது எதில் என்று தெரியாது என்றால், அந்த பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய பாட்டிலுக்கு 2004 சட்டம் பொருந்தும், நெத்திலி இருந்தால் பட்டியலில் பெயர் இருக்கும். சமையலறையில் கலந்து வைத்த டப்பாவைக் காட்டினார்கள் என்றால் டோஃபுவையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.