எட்டு மணிக்குப் பிறகு வரும் போன்

கேள்வி: எனக்கு 55 வயது. 1977-ல், ஏழு வயதில், அப்பா, அம்மா, அக்காவோடு யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். ஆங்கிலம் பாதி விளங்கியும் விளங்காமலும் இருந்த அந்த நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பார்த்தது பிபிசியின் 'ரென்டகோஸ்ட்'. பேய்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியைப் பற்றிய சிறுவர் நகைச்சுவைத் தொடர். அதில் வரும் குதிரை என்றால் எனக்கு உயிர். பேய்கள் மூக்கைப் பிடித்தால் மறைந்துவிடும். நானும் அக்காவும் அதேபோலச் செய்வோம். இரவு வேலைக்குப் போக எழும்பி வரும் அப்பா, எங்களைக் காணாததுபோல நடித்து வீடெல்லாம் தேடுவார். இப்போது முதல் தொடரின் டிவிடியை வாங்கிப் பகல் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கடையைப் பூட்டி 14 மாதமாகிறது, நேரம் நிறைய இருக்கிறது. (அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கடை தொடங்க அவரும் காசு தந்தவர். அம்மா காலமான பிறகு லெஸ்டரில் அக்காவோடு இருக்கிறார், 84 வயது. வியாபார நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் போன் எடுப்பார். நல்லவேளை, கடையைப் பற்றி இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை.) மனைவி இதை ஒரு நோய் என்கிறார். 19 வயது மகள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். சின்ன வயது நினைவுகளில் சந்தோஷப்படுவது தப்பா? மகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

— ஹரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட வரிகளுக்குத்தான் நான் பதில் எழுதப் போகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு கையெழுத்தில், பல வருடமாக வந்துகொண்டிருக்கிறது. வேலை போனவர், வீடு கைவிட்டுப் போனவர், படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். எல்லோரும் வேறு எதையோதான் கேட்பார்கள். சொல்லாமல் வைத்திருப்பது நடுவில் ஓர் அடைப்புக்குறிக்குள் கிடக்கும்.

84 வயது மனிதர் இரவு எட்டு மணி வரை காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை நிற்கவில்லையா? அந்த வயதில் விடிவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும். உங்கள் அக்கா வேலைக்குப் போன பிறகு வீட்டில் கதைக்க ஆளிருக்காது. காலை பத்து மணிக்கு உங்கள் ஞாபகம் வரும். போனைக் கையில் எடுப்பார். 'இப்ப கடையில் சனம் நிற்கும்' என்று திரும்ப வைப்பார். மத்தியானம் எடுக்கப் பார்ப்பார். 'சாமான் வந்து இறங்கிற நேரம்.' மூன்றரைக்கு, 'பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவினம்.' உங்கள் கடையின் நேரம் முழுக்க அவருக்குப் பாடம். இல்லாத கடையின் நேரம் அது. எட்டு மணியாகும்போது அவருக்கே கண் சொருகும். அதையும் தாங்கிக்கொண்டு எடுக்கிறார். அந்தப் பகல் முழுவதும் நீங்கள் சோஃபாவில் இருந்து டிவிடி பார்க்கிறீர்கள். போன் பக்கத்தில்தான் கிடக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

சரி, தொடருக்கு வருகிறேன். அதை நானும் நேசித்தவள். 1976-ல் தொடங்கி 1984 வரை ஒன்பது தொடர்களாக 58 பகுதிகள் வந்தன. பாப் பிளாக் உருவாக்கி எழுதியது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அதிலேயே ஊறி வளர்ந்தவர்கள். விதூஷகன் உடுப்பில் குதித்துக் குதித்து வரும் டிமதி கிளேபோலை என்னாலும் மறக்க முடியாது. இந்தக் காலத்துக் கருவி ஒன்றும் அந்தப் பேய்க்கு விளங்காது. குழப்படி மட்டும் நன்றாக வரும். அதில் நடித்த மைக்கேல் ஸ்டானிஃபோர்த் தொடக்கப் பாட்டையும் தானே பாடினார். அந்தப் பாட்டுக் கேட்டால் அடுப்படியில் நிற்கும் நானும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன். 1987-ல் அவர் இறந்த செய்தி தெரிந்தபோது என் மூத்த மகள் அன்று முழுக்க யாரோடும் கதைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெர்கின்ஸ் தம்பதி எதையாவது எட்டிப் பார்த்துவிட்டு, பேய்க் கம்பெனி இருந்த இடத்தின் சொந்தக்காரரான மீக்கர் குடும்பத்துக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டுவார்களே, அந்த இடங்களில் என் இளையவன் சிரித்துத் தரையில் உருளுவான். ஆகவே, அந்த நாட்களை நினைத்து உருகுவதற்காக உங்களைக் குறை சொல்லும் ஆள் நானில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குதிரை என்றால் உயிர் என்கிறீர்கள். உங்களிடம் இருப்பதோ முதல் தொடரின் டிவிடி. அதில் குதிரை கிடையாது. இரண்டு பேர் உள்ளே நுழைந்து ஆடும் அந்தத் துணிக்குதிரை டாபின், 1978 கிறிஸ்மஸ் சிறப்புப் பகுதியில் வந்தது. கிளேபோல் மந்திரம் போட்டு உயிர் கொடுத்துவிட்டு, திரும்ப எடுக்கத் தெரியாமல் முழிப்பார். ஸ்காட்லாந்துச் சூனியக்காரி மெக்விட்ச், தும்மினால் இடம் மாறிப்போகும் நாடியா போபோவ், இவர்களும் பிறகு வந்தவர்கள்தான். முதல் தொடரில் யார் இருக்கிறார்கள்? கிளேபோல், எதைக் கண்டாலும் மனம் நோகும் விக்டோரியா காலத்துக் கனவான் டேவன்போர்ட், அப்புறம் ஃப்ரெட் மம்ஃபோர்ட்.

பதினான்கு மாதமாக நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது மம்ஃபோர்டைத்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தப் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஃப்ரெட் மம்ஃபோர்ட் புதிதாக இறந்த ஓர் இளைஞன். உயிரோடிருந்தபோது எடுத்த காரியம் ஒன்றும் உருப்படவில்லை. தன்னைப்போலவே வாழ்க்கையில் தோற்றுப்போன பேய்களைச் சேர்த்து, செத்த பிறகாவது ஒரு தொழிலைச் சரியாக நடத்த வேண்டும் என்று கம்பெனி தொடங்குகிறான். ஹரோல்ட் மீக்கர் என்பவர் அந்த இடத்தின் சொந்தக்காரர். மம்ஃபோர்டின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகன் இறந்துவிட்டான் என்பதே தெரியாது. அவர்கள் வரும்போதெல்லாம் மகன் நன்றாக இருக்கிறான், தொழில் நன்றாக ஓடுகிறது என்று காட்ட வேண்டும். அதற்காக அவன் படும் பாடுதான் அங்கே சிரிப்பு. ஏழு வயதில் நீங்களும் அதற்குத்தான் சிரித்திருப்பீர்கள். பெற்ற மனிதர்களுக்குத் தோல்வியைச் சொல்வதைவிட, தான் பேயாக இருப்பதை மறைப்பது ஒரு மகனுக்குச் சுலபமாக இருக்கிறது. சிறுபிள்ளைகளுக்கு எழுதிய கதையில் இப்படி ஒன்றை வைத்த பாப் பிளாக் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

1979-ல் டேவன்போர்டாக நடித்த மைக்கேல் டார்பிஷர் இறந்துபோனார். மம்ஃபோர்டாக நடித்த ஆண்டனி ஜாக்சனும் விலகினார். அதன் பிறகு கம்பெனி மீக்கர் கைக்கு வந்தது. அப்பா அம்மாவிடம் மறைக்கும் கதையும் மம்ஃபோர்டோடு போய்விட்டது. தொடர் இன்னும் பல வருடம் ஓடியது. ஒரு கதாபாத்திரம் அப்படிப் போகலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

கடை பூட்டியது தோல்விதான். அதை வேறு பெயரால் சொல்லி உங்கள் மனதைத் தடவிக் கொடுக்க மாட்டேன். அப்பாவின் காசும் அதில் போயிருக்கிறது. அந்த வெட்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மனிதர் யார் என்று நினைத்துப் பாருங்கள். 1977 ஆகஸ்ட்டில் இலங்கையில் எங்கள் சனத்தை அடித்த அந்த வருடத்தில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இந்த நாட்டுக்கு வந்து, பகலில் தூங்கி இரவில் வேலை செய்தவர். தோல்வி என்றால் என்ன என்று அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மகனின் கஷ்டத்தைத் தாங்க மாட்டார் என்று நீங்களாகவே முடிவெடுத்தது அன்பு இல்லை தம்பி. அப்பாவைச் சின்னப் பிள்ளையாக்குகிற வேலை. பெற்றவர்களுக்குக் காசு கொடுக்க முடியாத பிள்ளையை நான் குறை சொல்லவே மாட்டேன். தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லவும் மாட்டேன் என்கிற பிள்ளையைச் சொல்வேன். சந்தோஷத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு உறவு தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரரே போதும்.

இன்னொன்று. இதை நீங்கள் தனியாக மறைக்கவில்லை. உங்கள் மனைவி போனில் மாமாவிடம் என்ன சொல்கிறார்? மகளிடம் தாத்தா 'அப்பா எங்கேயம்மா' என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்கிறாள்? அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால், ஒரே வீட்டில் தினமும் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டீர்கள். மகள் ஐந்து நிமிடத்தில் எழும்பிப் போனது தொடர் பிடிக்காமல் என்று நினைக்கிறீர்கள். வீட்டில் தினமும் நடப்பதையே டிவியிலும் பார்க்க அவளுக்கு என்ன அவசியம்?

இப்போது நீங்கள் 'நல்லவேளை' என்று எழுதிய இடம். கடையைப் பற்றி அப்பா இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. தன் காசைப் போட்ட கடை. முன்பெல்லாம் கேட்டிருப்பார்தானே, இன்றைக்கு வியாபாரம் எப்படி, வாடகை கூட்டினானா என்று. ஏன் நிறுத்தினார்? நீங்கள் கடை பூட்டியது ஹரோவில். கோவிலில், கல்யாண வீட்டில், செத்த வீட்டில் சந்திக்கும் எங்கள் சனத்துக்கு ஹரோவிலிருந்து லெஸ்டருக்கு ஒரு செய்தி போய்ச்சேர 14 மாதம் வேண்டுமா? ஒரு வாரம் போதும்.

அவருக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்ற உங்கள் இரண்டு பேரையும், காணவில்லை காணவில்லை என்று வீடெல்லாம் தேடினாரே, அதே மனிதர்தான் எட்டு மணிக்குப் போன் எடுக்கிறார். அன்றைக்கு இரவு வேலைக்குப் போகுமுன் கிடைத்த பத்து நிமிடத்தை அதற்குச் செலவழித்தார். இன்றைக்கு மிஞ்சியிருக்கும் நாட்களைச் செலவழிக்கிறார். அன்றைக்கு நீங்கள் கொஞ்ச நேரத்தில் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள். அதுவரை அவர் தேடுவதை நிறுத்தியிருக்க மாட்டார்.

மகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டீர்கள். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. டிவிடியை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு லெஸ்டருக்குப் போங்கள். வார நாளில், பகலில் போங்கள். தாத்தாவின் பக்கத்தில் அவளை இருத்திப் போட்டுக் காட்டுங்கள். 'இவர்கள் இரண்டு பேரும் அந்தக் காலத்தில்...' என்று அவர் தொடங்கினால் அவள் எழும்ப மாட்டாள்.

ஆனால் அது பிறகு. நாளைக்குக் காலை பதினொரு மணிக்கு நீங்களே போனை எடுங்கள். எட்டு மணி வரை அவரை வைத்திருக்க வேண்டாம். 'என்ன தம்பி இந்த நேரத்தில், கடையில் ஆளில்லையா?' என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லுங்கள்.