கனலெட்டோ வரைந்ததா, கனலெட்டோ மாதிரியா? வெனிஸ் ஓவியங்கள்: கேள்வி பதில்

பழைய தைல வண்ண ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். வெனிஸ் நகரக் காட்சிகளைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கே: லண்டனில் பழம்பொருள் சந்தை ஒன்றில் கால்வாய், கோண்டோலா, மணிக்கோபுரம் எல்லாம் உள்ள ஓவியம் வாங்கினேன். கீழ் மூலையில் 'கனலெட்டோ' என்று தெளிவாகக் கையெழுத்து இருக்கிறது. அசல்தானே ஐயா?

ப: கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜொவான்னி அந்தோனியோ கனால் (1697–1768), அதாவது நாம் கனலெட்டோ என்று அழைக்கும் வெனிஸ் ஓவியர், தம் வெனிஸ் காட்சிகளில் அரிதாகவே கையெழுத்திட்டார். பின்னாளில் விற்க வந்தவர்கள்தான் அவருக்காகத் தாராளமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஓவியத்தின் மேற்பரப்பில் வலைபோல வெடிப்புகள் ஓடும். எழுத்தின் மை அந்த வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால், ஓவியம் காய்ந்து வெடித்த பிறகே அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தும் சேர்ந்து வெடித்திருந்தால், மேற்கொண்டு பேசலாம்.

கே: கட்டடங்களைப் பார்த்துக் காலத்தைச் சொல்ல முடியாதா?

ப: முடியும், ஆனால் ஒரு பக்கம் மட்டுமே. புனித மார்க் சதுக்கத்தின் மேற்குக் கோடியில் சான் ஜெமினியானோ என்றொரு தேவாலயம் இருந்தது. நெப்போலியன் ஆட்சியில் 1807இல் அதை இடித்துவிட்டு அரண்மனையின் புதிய பகுதியைக் கட்டினார்கள். உங்கள் ஓவியத்தில் அந்தப் புதிய கட்டடம் இருந்தால் கனலெட்டோ பேச்சுக்கே இடமில்லை. பெருங்கால்வாயில் அக்காதெமியா பாலம் தெரிந்தாலும் அப்படித்தான். அங்கே முதல் பாலம் வந்தது 1854இல்.

மாறாக, பழைய தேவாலயம் இருக்கிறது என்பதால் ஓவியம் பழையது ஆகிவிடாது. 1860இல் ஒருவர் பழைய அச்சுப்படத்தைப் பார்த்து வரைந்தாலும் அந்தத் தேவாலயத்தையும் சேர்த்தே வரைவார். பெரிய மணிக்கோபுரம் இதில் உதவாது. 1902 ஜூலை 14 அன்று அது சரிந்து விழுந்தது. 1912இல் அதே இடத்தில் அதே வடிவில் எழுப்பிவிட்டார்கள்.

கே: அச்சுப்படம் என்றீர்களே, எந்த அச்சுப்படம்?

ப: அந்தோனியோ விசெந்தினி செதுக்கியவை. கனலெட்டோவின் பெருங்கால்வாய்க் காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி 1735இல் 14 படங்களாக வெளியிட்டார். 1742இல் அது 38 ஆனது. அதற்குப் பிறகு வெனிஸ் பக்கமே போகாதவரும் வெனிஸை வரைய முடிந்தது. அச்சுப்படத்தில் கோடு உண்டு, நிறம் இல்லை. அதனால் இந்த நகல்களில் கட்டட வடிவம் அச்சொட்டாக இருக்கும், சுவரின் நிறம் மட்டும் கற்பனையாக இருக்கும்.

கே: இத்தாலிய ஓவியரின் படங்கள் இங்கிலாந்தில் ஏன் இவ்வளவு குவிந்தன?

ப: வாங்கியவர்கள் ஆங்கிலேயப் பிரபுக்கள். படிப்பு முடிந்ததும் இத்தாலிக்குப் போய்வருவது அந்தக் கால வழக்கம். ஊர் திரும்பும்போது நினைவுப் பொருளாக ஒரு கனலெட்டோ. வெனிஸில் இருந்த ஜோசப் ஸ்மித் என்ற ஆங்கிலேய வணிகர் இடையில் நின்று வியாபாரம் பேசினார். பிற்பாடு அங்கே பிரிட்டிஷ் கான்சலாகவும் (தூதருக்குக் கீழ்ப்பட்ட பதவி) ஆனார். அவருடைய சொந்தச் சேகரிப்பை 1762இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கிக்கொண்டார்.

1740களில் போர் வந்து பயணிகள் குறைந்ததும், 1746இல் கனலெட்டோவே லண்டனுக்கு வந்து சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், 'இவர் அசல் கனலெட்டோ இல்லை, ஆள் மாறாட்டம்' என்று அங்கே வதந்தி கிளம்பியது. 1749இல், தாம் வரைந்த படத்தைத் தம் இருப்பிடத்துக்கே வந்து பார்க்கும்படி பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று. உயிரோடு இருந்த மனிதருக்கே இந்தக் கதி!

கே: ஆள் மாறாட்ட வதந்திக்கு அவருடைய மருமகன் காரணமா?

ப: அந்தக் குழப்பத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். சகோதரி மகன் பெர்னார்தோ பெல்லொட்டோ (1722–1780) சிறு வயதிலேயே மாமாவின் பட்டறையில் சேர்ந்து, அவர் கையைப் பிரித்தறிய முடியாத அளவுக்குத் தேறினான். 1747இல் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போன பிறகு தன்னையும் 'கனலெட்டோ' என்றே அழைத்துக்கொண்டான். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான வார்சாவைத் திரும்பக் கட்டியபோது, அந்நகரை அவன் வரைந்த காட்சிகளையும் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

என் கண்ணுக்கு, மாமாவின் வெயில் இதமானது. மருமகனின் வெளிச்சம் குளிர்ந்தது, நிழல் கறுத்தது. ஆனால் பெல்லொட்டோவின் இளமைக்காலப் படங்களில் இந்த வித்தியாசமும் மங்கிவிடும். நீண்ட காலம் மாமாவின் பெயரில் தொங்கிய படங்கள் இப்போது மருமகன் பெயருக்கு மாறியிருக்கின்றன. வெனிஸை வரைந்த இன்னொருவரான பிரான்செஸ்கோ குவார்தியிடம் இந்தத் தொல்லை குறைவு. அவருடைய மனிதர்கள் இரண்டு மூன்று தூரிகைத் தொடுகையிலேயே முடிந்துபோவார்கள்.

கே: ஏல நிறுவனம் 'கனலெட்டோ வட்டம்' என்று எழுதியிருக்கிறது. நல்ல செய்தியா?

ப: ஏலப் பட்டியலின் மொழி தனி. வெறும் பெயர் போட்டால் அவரே வரைந்தது என்பது அவர்கள் கருத்து. 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் பெரும்பாலும் அவர், ஆனால் உறுதி இல்லை. 'பட்டறை' என்றால் அவர் கூரையின் கீழ் வேலை செய்தவர்கள். 'வட்டம்' என்றால் அதே காலத்தில் அவரை ஒட்டியிருந்த யாரோ. 'பின்பற்றியவர்', 'பாணி' என்று போகப் போக ஓவியரும் தூரம், காலமும் தூரம், விலையும் தூரம். 2005இல் லண்டனில் அவருடைய பெருங்கால்வாய்க் காட்சி ஒன்று 1.86 கோடி பவுண்டுக்கு விலைபோனது. அந்தத் தொகை வெறும் பெயருக்கு மட்டுமே கிடைப்பது.

கே: உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் அழுக்குப் போகுமாமே?

ப: தயவுசெய்து குழம்பில் போடுங்கள்.

கே: வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஏதாவது?

ப: இரண்டு சொல்கிறேன். இருட்டறையில் கைவிளக்கை ஓவியத்தின் பக்கவாட்டில், கித்தானோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். கனலெட்டோ கட்டட விளிம்புகளை அளவுகோல் வைத்துக் கூர்முனையால் கீறுவார். வளைவுகளுக்குக் கவராயம் வைப்பார். சாய்ந்த ஒளியில் அந்தக் கீறல் மயிரிழை போலத் தெரியும், சில சமயம் கவராயத்தின் ஊசி குத்திய புள்ளியும் தெரியும். மருமகனும் இப்படிக் கீறியவன்தான் என்பதால் இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அடுத்தது, படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கித்தானின் நெசவு, ஆணி, சட்டத்தின் மூலை ஆப்பு, பழைய சீட்டு எல்லாம் அங்கேதான். புதுத்துணி ஒட்டப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். பழைய படங்களுக்கு அது வழக்கமான வைத்தியம்.

கே: வண்ணத்தைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாமா?

ப: பார்க்கலாம், ஆனால் எங்கே சுரண்டுகிறார்கள் என்பது முக்கியம். வானத்தில் டைட்டானியம் வெள்ளை கிடைத்தால் அது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அது முழு ஓவியமா, யாரோ பின்னால் ஒட்டுப்போட்ட இடமா என்று முதலில் தெரிய வேண்டும். பிரஷ்ய நீலம் கிடைத்தால் துள்ளாதீர்கள். கனலெட்டோ அதைப் பயன்படுத்தினார், அவருக்குப் பின் எல்லோரும் பயன்படுத்தினார்கள்.

கே: நான் கொடுத்தது இருநூறு பவுண்டுதான். நகல் என்றால் தூக்கிப் போட்டுவிடவா?

ப: ஏன் போட வேண்டும்? அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்க மாளிகையின் படிக்கட்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, மங்கலான பச்சைக் கறை ஒன்று ஓடுகிறது. அது பாசிக் கோடு. கனலெட்டோவும் பெல்லொட்டோவும் அதை அத்தனை துல்லியமாக வரைந்ததால், இன்றைய பாசிக் கோட்டோடு ஒப்பிட்டு, வெனிஸில் நீர் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அச்சுப்படத்தில் பச்சை கிடையாது. உங்கள் ஓவியர் யாராக இருந்தாலும், ஒன்று அந்தப் படிக்கட்டை நேரில் பார்த்திருக்கிறார், அல்லது நல்ல வண்ணப் படம் ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கிறார். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்; ஆணிகள் தெரியும்படி.